மூன்றாவது மயக்கம்

என் மகளை ஹோல்டில் வைத்தது வேறு யாருமில்லை, அவளைப் பெற்ற அப்பன்தான். ஃபிரடி ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அங்கே ஒரு பீஸ் மேல் சந்தேகம் வந்தால் சிவப்பு அட்டை கட்டித் தனியாக வைத்துவிடுவார்கள். காரணம் தெரிகிற வரைக்கும் அது அடுத்த வேலைக்குப் போகாது. அதற்குப் பெயர்தான் ஹோல்ட். ஏழு வருடம் இதையே செய்து செய்து, வீட்டுக்கு வந்தாலும் அவனுக்கு அந்தப் புத்தி போகாது. குழம்பில் உப்பு கூடினால்கூட நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று விசாரணை வைப்பான். அதையெல்லாம் சிரித்துக்கொண்டே சகித்தவள் நான். பிள்ளை விஷயத்தில் என்னால் சிரிக்க முடியவில்லை.

ஷாலினுக்கு அப்போது இரண்டு வயது ஒரு மாதம். பிறக்கும்போதே மேலுதடும் அண்ணமும் பிளந்திருந்தன. ஐந்தாவது மாதத்தில் உதட்டைத் தைத்தார்கள், பதின்மூன்றாவது மாதத்தில் அண்ணத்தை மூடினார்கள். இரண்டு தடவையும் முழு மயக்கம் கொடுத்துத்தான். தையல் ஆறி, பால் மூக்கு வழியாக வருவது நின்று, பிள்ளை இட்லியை மென்று விழுங்கிய அன்று நானும் ஃபிரடியும் மாதா கெபியில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தோம். கஷ்டமெல்லாம் முடிந்தது என்று நினைத்தோம்.

பேச்சு வரவில்லை. அம்மா கிடையாது, அப்பா கிடையாது, காக்கா கிடையாது. கூப்பிட்டால் சில நேரம் திரும்புவாள், பல நேரம் திரும்பமாட்டாள். எங்கள் சேரப்பணஞ்சேரித் தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் அவளைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். "கொஞ்சம் மந்தமா கீது போல" என்று என் காதுபடவே சொன்னார்கள். பதிலுக்கு நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

மூன்று மாத இடைவெளியில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்தார்கள். இரண்டு காதிலும் செவிச்சவ்வுக்குப் பின்னால் பசை மாதிரி நீர் கட்டியிருந்தது. அண்ணம் பிளந்து பிறந்த பிள்ளைகளுக்கு இது சகஜமாம். தலையணையைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டு கேட்டால் எப்படிக் கேட்குமோ அப்படித்தான் அவளுக்குக் கேட்கிறது என்றார் காது டாக்டர். கூப்பிட்டால் சில நேரம் திரும்புகிறாளே, கொஞ்சம்தான் குறைவு என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். சவ்வில் சின்ன ஓட்டை போட்டு நீரை உறிஞ்சிவிட்டு, மிளகை விடச் சிறிய குழாய் ஒன்றை வைக்க வேண்டும். இருபது நிமிட வேலை. ஆனால் இரண்டு வயதுப் பிள்ளை அசையாமல் படுக்காது, அதனால் மறுபடியும் முழு மயக்கம். அடுத்த வாரம் வியாழக்கிழமை என்று தேதி கொடுத்தார்கள். அதை விட்டால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், பீரோ கதவில் பழைய காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டி வைத்திருக்கிறான் ஃபிரடி. மார்க்கர் பேனாவால் கட்டம் போட்டு எழுதியிருந்தது. எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்கிற எவருக்கும் அது தெரியும். ஏதாவது தப்பு நடந்தால் ஏன் என்று ஐந்து தடவை கேட்டு, ஐந்தாவது ஏனில் கிடைப்பதுதான் நிஜமான காரணம் என்று பிடிப்பார்கள். ஒய்-ஒய் என்பார்கள். ஃபிரடி அதில் கெட்டிக்காரன், கம்பெனியில் கோப்பைகூட வாங்கியிருக்கிறான்.

ஷாலினுக்கு ஏன் பேச்சு வரவில்லை என்று தலைப்பு. சொன்னது புரியாததால். ஏன் புரியவில்லை? மூளை வேகம் குறைவு. ஏன் குறைவு? வளர்கிற மூளையில் பாதிப்பு. ஏன் பாதிப்பு? மயக்க மருந்து. ஏன் அவ்வளவு மருந்து? மூன்று வயதுக்குள் இரண்டு ஆபரேஷன். அதற்குக் கீழே சிவப்பு மையில், மூன்று வயது முடியும் வரை ஹோல்ட்.

"இன்னா இது?" என்றேன்.

"பாத்தா தெரியல?"

"தெரியுது. பெத்த பொண்ண ஹோல்டுல வெச்சிகீற."

"கத்தாத ஜெர்சி. வாட்ஸ்அப்புல வந்தத நம்பிகினு நான் பேசல. இத படி." செல்போனை நீட்டினான். அமெரிக்காவில் மருந்துகளைக் கண்காணிக்கிற அரசுத் துறையே எச்சரித்திருந்தது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மயக்க மருந்தைத் திரும்பத் திரும்பவோ மூன்று மணி நேரத்துக்கு மேலோ கொடுத்தால் வளர்கிற மூளையைப் பாதிக்கலாம் என்று போட்டிருந்தது. ஒரு வரி விடாமல் படித்தேன். போனை அவன் திருப்பி வாங்கிக்கொண்டான்.

"யாரு வேணாம்னா? மூணு வயசு ஆவட்டும். பதினோரு மாசம்தான. அப்பறம் பண்ணிக்கலாம்."

"பதினோரு மாசம் காத அடைச்சுகினே கெடக்கட்டுமா?"

"அடைச்ச காத எப்ப வேணா தெறக்கலாம். மூளை போச்சுன்னா எவன் குடுப்பான்?"

பயந்துபோனேன், அதுதான் உண்மை. அவன் முட்டாள் இல்லை, பிள்ளை மேல் பாசமில்லாதவனும் இல்லை. முட்டாளாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் வேலையில் கை ஓடவில்லை. நான் காருக்குள் போகிற ஒயர் கட்டுகள் செய்கிற கம்பெனியில் கடைசி டேபிளில் நிற்கிறவள். முடிந்து வருகிற ஒயர் கட்டை டெஸ்ட் போர்டில் சொருகுவேன். எல்லா ஒயரிலும் கரண்ட் போனால் பச்சை விளக்கு, போகாவிட்டால் சிவப்பு. போன வருடம் ஒருநாள் தொடர்ந்து பன்னிரண்டு கட்டுக்கு சிவப்பு எரிந்தது. சூப்பர்வைசர் லைனில் இருந்த பெண்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினார். எனக்குச் சந்தேகம் வந்து, நல்லது என்று முத்திரை குத்தி வைத்திருக்கிற மாதிரிக் கட்டை எடுத்துச் சொருகிப் பார்த்தேன். அதற்கும் சிவப்பு. போர்டில் ஒரு பின் வளைந்திருந்தது. பன்னிரண்டு கட்டும் நல்ல கட்டு, கரண்ட்தான் உள்ளே போகவில்லை.

அது ஞாபகம் வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. காலண்டர் தாளில் ஃபிரடி எழுதிய முதல் பதிலே தப்பு. சொன்னது புரியவில்லை என்று எழுதினானே, சொன்னது காதில் விழுந்ததா என்று எவனாவது பார்த்தானா?

பகலில் ஷாலினைப் பார்த்துக்கொள்வது ஃபிரடியின் அக்கா அன்னபுஷ்பம். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு, வாசல் அறையில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். ஷிஃப்ட் முடிந்து நேராக அங்கே போனேன். அண்ணி மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். ஷாலின் எப்போதும் போல மெஷின் பலகையில் உள்ளங்கையை ஒட்டி வைத்துக்கொண்டு, அது அதிர்வதை ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, கொஞ்சம் மெஷின நிறுத்துங்க. அவள ஒண்ணும் பண்ணாதீங்க, தொடாதீங்க."

ஷாலினுக்குப் பின்னால் போய் நின்று அவளுக்குப் பிடித்த பிஸ்கட் பாக்கெட்டைக் கசக்கினேன். அண்ணி திரும்பினார். வாசலில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கியது. ஷாலின் திரும்பவில்லை. இன்னும் கிட்டே போய்க் கசக்கினேன். அவள் ஜாக்கெட் துணியை விரலால் நோண்டிக்கொண்டிருந்தாள். பிஸ்கட் கவர் சத்தத்துக்குத் திரும்பாத பிள்ளை உலகத்தில் உண்டா? பாக்கெட்டை அவள் கண் முன்னால் நீட்டினேன். உடனே பிடுங்கிக்கொண்டு சிரித்தாள்.

அண்ணி மெஷினை விட்டு எழுந்து வந்தார்.

"ஷாலுன்னு கூப்புடுங்க" என்றேன்.

அண்ணி கூப்பிடுவதற்கு முன்னால் அவர் கை தானாகப் பிள்ளையின் தோளுக்குப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "அய்யோ, நான் எப்பவுமே தட்டித்தான் கூப்புடறேன்டி" என்றார். "எப்ப பழகிச்சுன்னே தெரியல. தட்டினா திரும்புது, சரி, காது கேக்குதுன்னு இருந்துட்டேன்."

நாங்கள் எல்லோருமே அப்படித்தான் இருந்தோம். நான் காலால் தரையில் தட்டுவேன். ஃபிரடி கையை ஆட்டுவான். பிள்ளைக்குக் கேட்காது என்று எங்கள் கைகால்களுக்குத் தெரிந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை.

சரி, காது கேட்கவில்லை. ஆனால் மருந்துக் கேள்வி அப்படியே இருந்ததே. அதை நான் ஓடி ஒளிந்து தாண்ட விரும்பவில்லை. செவ்வாய்க்கிழமை, ஆபரேஷனுக்கு முன்னால் பிள்ளையைப் பரிசோதிக்க வரச் சொல்லியிருந்தார்கள். ஃபிரடி வரவில்லை என்றான், நானே தூக்கிக்கொண்டு போனேன். மயக்கம் கொடுக்கிற டாக்டர் கலைமதி என்று ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். ஷாலினின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லுங்க. இந்த மருந்து கொழந்த மூளைக்கு ஆவாதுன்னு என் வூட்டுக்காரர் படிச்சாரு. பொய்யா அது?"

பேனாவைக் கீழே வைத்தார். "பொய் இல்ல" என்றார்.

ஷாலினை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"எலிக்குட்டிக்கும் குரங்குக்குட்டிக்கும் இந்த மருந்த ரொம்ப நேரம் குடுத்தப்ப மூளை செல்லுங்க செத்துது. அதனாலதான் எல்லாருக்கும் பயம் வந்துது. அப்புறம் மனுஷக் கொழந்தைங்களப் பாத்தாங்க. கைக்கொழந்தையா இருக்கும்போது ஒரே ஒரு தடவை, கொஞ்ச நேரம் குடுத்தவங்கள அஞ்சு வயசுல சோதிச்சா, மத்த பசங்களுக்கும் அவங்களுக்கும் வித்தியாசம் தெரியல. பல தடவை குடுத்தவங்கள்ல, சில ஆராய்ச்சி கவனத்துலயும் நடத்தையிலயும் சின்ன வித்தியாசம் இருக்குன்னு சொல்லுது. சிலது இல்லன்னுது. இருந்தாலும் அது மருந்தாலயா, இல்ல ஆபரேஷன் பண்ற அளவுக்கு இருந்த நோயாலயான்னு பிரிச்சுச் சொல்ல இன்னும் யாராலயும் முடியல."

"என் பொண்ணுக்கு ரெண்டு தடவை ஆயிடுச்சே."

"ஆமா. அதுல ஒண்ணுமே ஆகலன்னு நான் எழுதிக் குடுக்க முடியாது. ஆயிடுச்சுன்னும் ஒருத்தரும் சொல்ல முடியாது. தெரியாது, அதான் உண்மை. இந்த இருபது நிமிஷத்தால பெருசா கெடுதல் வரும்னு நான் நினைக்கல. ஆனா காது கேக்காம வளந்தா பேச்சு பின்தங்கும், அது நல்லாவே தெரியும்."

"பதினோரு மாசம் தள்ளிப் போட்டா?"

"தள்ளிப் போடலாங்கற ஆபரேஷனா இருந்தா நானே தள்ளிப் போடச் சொல்லுவேன். காது மெஷின் மாட்டிக் காத்திருக்கறதும் ஒரு வழிதான். இவளுக்குச் சவ்வு உள்பக்கமா இழுத்துகிட்டு இருக்கு. விட்டா அதுவும் கெடும்."

என்னிடம் ஒரு டாக்டர் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஒன்றும் ஆகாதும்மா, பயப்படாதீங்க என்று முதுகில் தட்டி அனுப்பியிருந்தால் நான் அவரை நம்பியிருக்கமாட்டேன். தெரியாததைத் தெரியாது என்றவர் தெரிந்ததாகச் சொன்னதை நம்பலாம் என்று பட்டது. பஸ்ஸில் வரும்போது என் பயம் போகவில்லை, ஆனால் முடிவு வந்துவிட்டது.

சாயங்காலம் ஃபிரடியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அண்ணியும் பக்கத்தில் இருந்தார்.

"பாத்தியா. டாக்டரே கேரண்டி தரல" என்றான்.

"கேரண்டி கேக்கறதுக்கு அவ இன்னா மிக்ஸியா?"

"ஜெர்சி, நான் சீரியஸா பேசறேன்."

"நானும்தான். ஃபிரடி, உன் தாள்ல மொத ஏன்லயே நீ கோட்ட வுட்டுட்ட. புரியலன்னு எழுதின. கேக்குதான்னு எழுதினியா? உங்க கம்பெனில பீஸ தொட்டுப் பாக்காம ஒய்-ஒய் எழுதுவியா நீ?"

"தம்பி, நானும் பாத்தேன்டா" என்றார் அண்ணி. "பிஸ்கட் கவரு சத்தம் கேக்கல கொழந்தைக்கு."

"காது கேக்கலன்னு ஒத்துக்கறேன். மூளைக்கும் ஒண்ணும் ஆவலன்னு யாரு சொன்னா? ரெண்டும் இருக்கலாம்ல?" என்று எழுந்து வெளியே போய்விட்டான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

புதன்கிழமை வேலை முடிந்து வந்து பீரோவைத் திறந்தால் ஆஸ்பத்திரி ஃபைலைக் காணோம். இரண்டு வருடத்து ரிப்போர்ட் எல்லாம் அதில்தான் இருந்தது. ஃபிரடிக்கு போன் போட்டேன். "கம்பெனில என் லாக்கர்ல கீது. வியாழக்கெழம தாண்டட்டும், எடுத்தாறேன்" என்று மெதுவாகச் சொன்னான். சண்டைக்காரன் குரல் இல்லை அது, கெஞ்சுகிற குரல். எனக்கு இருந்த ஆத்திரத்தில் அதெல்லாம் காதில் ஏறவில்லை. பீரோவில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

சூப்பர்வைசருக்கு போன் செய்து இரண்டு நாள் வரமாட்டேன் என்றேன். ஆடிட் இருக்கும்மா, லீவு கிடைக்காது என்றார். "சார், நான் லீவு கேக்கல. வரமாட்டேன்னு சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

ஃபிரடிக்கு அந்த வாரம் முதல் ஷிஃப்ட். வியாழக்கிழமை விடிகாலை அவன் கம்பெனி பஸ் ஏறிய பத்தாவது நிமிடம் நானும் அண்ணியும் ஷாலினைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். ஆறு மணிக்கு மேல் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. படப்பை தாண்டுவதற்குள் பிள்ளை பாலுக்கு அழ ஆரம்பித்துவிட்டாள். பஸ்ஸில் ஒரு அம்மாள் "பச்சப்புள்ளைய இப்படியா பட்டினி போடுவாங்க" என்றார். தாம்பரம் வந்ததும் அண்ணி போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார்.

"டேய், நாங்க ஆஸ்பத்திரிக்கு போய்கினு கீறோம். கூட நிக்கணும்னா வா. தடுக்கணும்னா வராத." அவ்வளவுதான், கட் செய்துவிட்டார். எதற்குச் சொன்னீர்கள் என்று நான் சண்டைக்குப் போனேன். "திருட்டுத்தனமா பண்ற காரியமாடி இது?" என்றார்.

வார்டில் பதிவு எழுதுகிறவர் ஃபைலைக் கேட்டார். வீட்டுக்காரர் லாக்கரில் இருக்கிறது என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்பா வரலையா? அப்பா கையெழுத்து வேணுமே."

"ஏன் சார், பெத்தவ கையெழுத்து செல்லாதா?"

"வழக்கம் அப்படிம்மா."

"அந்த வழக்கம் எந்த பேப்பர்ல கீது? குடுங்க, படிச்சுப் பாக்கறேன். பத்து மாசம் சொமந்தது நான். பன்னெண்டு மணி நேரம் வலிச்சது எனக்கு. ரெண்டு வருஷமா உங்க ஆஸ்பத்திரிக்கு தூக்கிகினு அலையறது நான். கையெழுத்துக்கு மட்டும் நான் ஆவாதா?"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன். டாக்டர் கலைமதி அந்தப் பக்கம் வந்தவர், "அம்மா கையெழுத்து போதும். ரிப்போர்ட் எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு, எடுங்க" என்றார். அந்த மனிதர் சம்மதப் படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

பேனாவைத் திறந்தபோது ஃபிரடி வந்துவிட்டான். கம்பெனி யூனிஃபார்ம், காலில் சேஃப்டி ஷூ, கக்கத்தில் ஃபைல். ஓடி வந்திருக்கிறான், மூச்சு வாங்கியது. படிவத்தைப் பிடுங்கப் போகிறான் என்று நினைத்து இரண்டு கையாலும் அதை மூடிக்கொண்டேன். அவன் பிடுங்கவில்லை.

"ஜெர்சி, ஒரு நிமிஷம் வா."

நடைபாதைச் சுவர் ஓரமாகப் போனோம். அண்ணி பிள்ளையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஃபிரடி ஷூவைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ரெண்டு தடவையும் கையெழுத்து போட்டது நான்தான்."

"அதுக்கு?"

"படிக்கக்கூட இல்ல. காட்டின எடத்துல போட்டேன். நான் போட்ட கையெழுத்தால எம்பொண்ணு மூளை போயிருந்தா? தெனம் அந்த நெனப்புதான். மூணாவது வாட்டியும் போட சொல்றியா?"

அழுதான். கல்யாணமான ஆறு வருடத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை. காலண்டர் தாளில் ஐந்து ஏன் எழுதியவன் ஆறாவதாக இதை எழுதாமல் உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறான். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கிற இடமா இது?

"உதட்ட தைக்காம வுட்டிருப்பியா?" என்று கேட்டேன். "பால் மூக்குல ஏறி மூச்சு முட்டுச்சே, அப்படியே வுட்டிருப்பியா? மாட்ட. நானும் மாட்டேன். அப்ப நீ போட்டது சரியான கையெழுத்து."

"மூளைக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"ஆயிருந்தா ஆயிருக்கட்டும் ஃபிரடி. மெதுவா வளர்ற பொண்ணா இருந்தா மெதுவாவே வளக்கறேன். பத்து தடவை சொல்ல வேண்டியத நூறு தடவை சொல்றேன். நூறு தடவை சொன்னாலும் அது காதுல விழணும்ல? மந்தமான புள்ளைக்கு காது வேணாம்னு எவன் சொன்னான்?"

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நீ போட வேணாம். இந்தக் கையெழுத்து என்னுது. நாளைக்கி ஏதாவது ஒண்ணுன்னா என்ன கேளு, பதில் சொல்ல நான் கீறேன்."

திரும்பிப் போய்ப் படிவத்தை முழுதாகப் படித்தேன். மயக்க மருந்தின் ஆபத்துகள் என்று இருந்த பத்தியை இரண்டு தடவை படித்தேன். பிறகு ஜெர்சி என்று கையெழுத்திட்டு, உறவு என்ற இடத்தில் அம்மா என்று எழுதினேன்.

பிள்ளை மயங்குகிற வரைக்கும் கூட இருக்க என்னை உள்ளே விட்டார்கள். பச்சை அங்கியும் தொப்பியும் போட்டுவிட்டார்கள். ஷாலின் என் மடியில் இருந்தாள். டாக்டர் கலைமதி மாஸ்க்கை மூக்கருகில் கொண்டுவந்ததும் தலையை அடித்து அடித்துத் திருப்பினாள். நான்தான் பிடித்துக்கொண்டேன். என்னைப் பார்த்தாள், நீயுமா என்று கேட்பது போல இருந்தது. ஆறேழு மூச்சில் அவள் கை என் விரலை விட்டுவிட்டது, தலை என் கையில் கனத்தது. அந்த நிமிடம் ஃபிரடிக்கு இருந்த பயம் முழுக்க எனக்குள் வந்தது. தப்பு பண்ணிவிட்டேனா, தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஓடவில்லை. பிள்ளையை மேஜையில் கிடத்திவிட்டு வெளியே வந்தேன்.

இருபது நிமிடம் என்றார்கள், அரை மணி ஆனது. அண்ணி ஜெபமாலை உருட்டினார். ஃபிரடி சுவரோரமே நின்றான், நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். காது டாக்டர் வந்து, இரண்டு பக்கமும் கெட்டியான நீர், நிறைய எடுத்தோம், குழாய் வைத்தாயிற்று என்றார். பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிவர வேண்டும், பேச்சு உடனே கொட்டிவிடாது, மாதக் கணக்காகும் என்றும் சொன்னார். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து எங்களைக் கண்விழிக்கிற அறைக்குக் கூப்பிட்டார்.

அறையில் நாலைந்து கட்டில், நடுவில் நீலத் திரைகள். ஷாலின் விழித்து வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். மயக்கம் தெளிகிற பிள்ளைகள் அப்படித்தான் அழும், அது எனக்கு முந்தின இரண்டு தடவையிலேயே தெரியும். ஆனால் இந்த அழுகை வேறு மாதிரி இருந்தது. அழுதாள், பட்டென்று நிறுத்தினாள். கண்ணை அகல விரித்து அசையாமல் கிடந்தாள். மறுபடி அழுதாள். மறுபடி பட்டென்று நின்றாள்.

ஃபிரடியின் முகம் வெளுத்துவிட்டது. "ஜெர்சி, இன்னா இது? வுட்டு வுட்டு அழுவுறா. சிஸ்டர், டாக்டர கூப்புடுங்க. மூளைல ஏதோ ஆயிடுச்சு."

பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். அழுதாள், நின்றாள். நின்றபோது அவள் என்னைப் பார்க்கவில்லை, ஃபிரடியைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி நீலத் திரையைப் பார்த்தாள். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை, வெறும் துணி. அப்போதுதான் எனக்கும் அது கேட்டது. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தை சன்னமாக முனகிக்கொண்டிருந்தது. அது முனகினால் இவள் அழுகையை நிறுத்தினாள். அது நிறுத்தினால் இவள் ஆரம்பித்தாள்.

ஃபிரடியின் கையைப் பிடித்து இழுத்தேன். "வாய மூடு. பாரு."

அந்தக் குழந்தை மறுபடி முனகியது. ஷாலினின் வாய் பாதி திறந்தபடி நின்றது, தலை திரையின் பக்கம் போனது. யாரும் அவளைத் தட்டவில்லை, கையாட்டவில்லை. ஃபிரடி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

திரைக்குப் பின்னால் அந்தக் குழந்தையின் அம்மா "சீ, அழாதடா, தோ பால் தரேன்" என்று சொல்லி அதைத் தூக்குவது கேட்டது. எனக்கு வெட்கமோ மரியாதையோ எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

"அக்கா, உங்க கால்ல வுழறேன். கொழந்தைய இன்னும் ஒரே ஒரு நிமிஷம் அழ வுடுங்க. எம்பொண்ணு கேட்டுகினு கீறா."